டீச்சரின் கேள்வியை நான் மொழிபெயர்த்த விதம்

வெளியூர்ப் பிரசங்கியார் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் நிற்கிறவன் அதைத் தமிழில் சொல்லுவான். எங்கள் சபைகளில் அந்தப் பக்கத்து ஆளுக்குத் தனி மவுசு உண்டு. கூட்டம் முடிந்ததும் பிரசங்கியார் ரயிலேறிப் போய்விடுவார். பக்கத்து ஆள் மறுநாள் காலையில் தாம்பரம் ஸ்டேஷனில் அகப்படுவான். "பிரதர், நேத்து செய்தி ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு" என்று கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அந்தப் பக்கத்து ஆள் நான்தான். செய்தி, அதாவது பிரசங்கம், என்னுடையது இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. "எல்லாம் கிருபை" என்று தலையைச் சாய்த்துவிட்டு பீச் ஸ்டேஷன் போகிற மின்சார வண்டியில் ஏறிவிடுவேன். கிண்டி போய்ச் சேரும்வரை அந்தக் குலுக்கல் கையிலேயே இருக்கும்.

கிண்டியில் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். எண்பதுகளின் கடைசி. எனக்கு நாற்பதுக்குச் சற்றுக் குறைவான வயது, நாற்பதைத் தாண்டிய தொப்பை. அலுவலகத்தில் என் வாய்க்கு வேலை கிடையாது. மாலையானால் அதற்கு மைக் கிடைத்துவிடும்.

இந்தத் தொழிலில் ஒரு விதி இருந்தது. மொழிபெயர்க்கிறவன் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். பிரசங்கியார் ஸ்காட்லாந்தில் பிறந்தேன் என்றால், இவனும் நெஞ்சை நிமிர்த்தி, "நான் ஸ்காட்லாந்தில் பிறந்தேன்" என்று சொல்ல வேண்டும். 'அவர் பிறந்தாராம்' என்று இழுப்பது கத்துக்குட்டித்தனம். நான் பிறந்தது பல்லாவரம் என்பதும், என் நிறத்துக்கு ஸ்காட்லாந்து பொறுப்பேற்காது என்பதும் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை எப்படி இன்னும் கொஞ்சம் இழுப்பது என்பதில்தான் என் கவனம் முழுக்கப் போயிற்று. புருவத்தை உயர்த்துவது, ஒரு கணம் தாமதிப்பது, தொப்பையைத் தடவுவது. பிரசங்கியார் சொன்னதைப் பிறகு கேட்டால் எனக்கே நினைவிருக்காது.

அந்த மே மாதம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு சபையின் பள்ளிக்கூட ஹாலில் ஒரு வாரம் மாலை வகுப்பு வைத்தார்கள். சாதாரண விசுவாசிகளுக்கு இறையியல். வடகிழக்கு மலைப்பகுதியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். குள்ளமாக, கட்டையாக, சிரிக்காத முகத்தோடு இருந்தார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கோடை விடுமுறை என்பதால் டீச்சர்களும், அலுவலகம் விட்டு நேராக வந்த ஆண்களும், எதற்கும் வருகிற ஓய்வுபெற்றவர்களுமாக ஹால் நிறைந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சுகள். உட்கார்ந்தால் முழங்கால் தாடைக்கு வரும். அந்த நிலையில் இறையியல் கற்பது ஒரு தவம்தான்.

முதல் நாள் பேராசிரியர் சொன்னது இது. நாம் எல்லாவற்றையும் துண்டு துண்டாக வைத்திருக்கிறோம். வேத வசனம் ஒரு பக்கம், சபையின் பழைய வரலாறு ஒரு பக்கம், உபதேசங்கள் இன்னொரு பக்கம், வீட்டில் நடக்கிற வாழ்க்கை எதிலும் சேராமல் தனியாக. அப்படி இருக்கக் கூடாது. ஒரு கேள்வி வந்தால் அதே கேள்வி நாலு இடத்துக்கும் போய்வர வேண்டும். வசனம் என்ன சொல்கிறது, நமக்கு முன் இருந்த விசுவாசிகள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள், விசுவாசம் முழுவதிலும் அதற்கு இடம் எங்கே, நாளைக் காலையில் தாம்பரத்தில் அதை வைத்து எப்படி நடப்பது. இந்த நாலையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் செய்யாவிட்டால் அது இறையியல் ஆகாது, வெறும் படிப்பு.

நல்ல பேச்சு. நான் செய்தது என்ன? "ஒருங்கிணைந்த இறையியல்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கூட்டம் கொட்டாவி விட்டது. உடனே, "அதாவது சாம்பார்" என்றேன். "வசனம் பருப்பு. வரலாறு புளி. உபதேசம் மிளகாய்த்தூள். வாழ்க்கைதான் காய். தனித்தனியா எடுத்து வாயில போட்டா எவனாவது சாப்பிடுவானா?"

ஹால் குலுங்கியது. பின் பெஞ்சிலிருந்து ஒருவர், "அப்போ பெருங்காயம் யாரு பிரதர்?" என்று கேட்டார்.

"அடியேன்தான்" என்றேன். மறுபடியும் சிரிப்பு.

பேராசிரியர், அப்படி என்ன சொல்லிவிட்டோம் என்று புரியாமல், எல்லாரையும் பார்த்தார். பிறகு, மரியாதைக்காக, மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது மடல் சுடுகிறது. சபைகளில் சொல்வார்களே, பணிவு என்று. அவரிடம் அது இருந்தது. என்னிடம் மைக் இருந்தது.

செவ்வாய்க்கிழமை இன்னும் மோசம். வகுப்பின் பாதியில் ஓர் இளம் தாய் எழுந்து, தன் இரண்டாவது பிள்ளையைச் சுமந்திருந்தபோது ஜெபிக்கவே முடியாமல் போனதைப் பற்றிக் கேட்டாள். தமிழில் கேட்டதை ஆங்கிலமாக்குவதும் என் வேலைதான், அதற்கும் அதே விதிதான். நான் தொப்பையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, சோர்ந்த முகத்தோடு, பேராசிரியரிடம் திரும்பி, நான் இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தபோது என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அவ்வளவுதான். கல்லூரிப் பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு என்ன பதில் கிடைத்தது என்று கேட்காதீர்கள். கிடைத்திருந்தால்தானே.

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி, "எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள். அதையும் நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இனி டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. ஒரு மேல்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் எடுத்தவர். எங்கள் சபைதான், என் மனைவிக்கு நல்ல பழக்கம். அவருடைய கணவர் இந்து. அந்தப் பக்கத்துப் பூர்வீகக் குடும்பம், ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர்கள். கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு இருந்து, பிறகு அடங்கியது. கணவர் ஞானஸ்நானம் வாங்கவில்லை. வாங்கச் சொல்லி எங்களில் பலர் அவரைத் துரத்தியிருக்கிறோம். ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் டீச்சரைக் கொண்டுவந்து விடுவார். ஆராதனை முடிகிறவரை எதிரே டீக்கடையில் பேப்பர் படிப்பார். மழை என்றால் குடையோடு வாசல்வரை வருவார். ஒரு தடவை நான், "உள்ளதான் வாங்களேன் சார், உள்ளயும் உட்கார இடம் இருக்கு" என்றேன். "நீங்க மொழிபெயர்க்கிற அன்னிக்குச் சொல்லுங்க, வரேன்" என்றார். அந்த மனுஷன் என்னைவிட நன்றாகப் பேசுவார்.

முந்தின வருடம் அதே மே மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார்.

எங்கள் வழக்கத்தில் ஒருவர் இறந்து வருடம் திரும்பும் நாளில் வீட்டில் நினைவு ஸ்தோத்திர ஜெபம் வைப்போம். உறவும் சபையும் கூடி, இறந்தவருக்காக அல்ல, இறந்தவரைக் கொடுத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வோம். பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம், பிறகு டிபன். டீச்சர் தன் கணவருக்கு அதை வைக்க ஆசைப்பட்டார். சிட்லபாக்கம் ஜெபக்குழுவிடம் கேட்டார். குழுவின் தலைவர், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற மூப்பர், முடியாது என்றுவிட்டார். இரட்சிக்கப்படாமல் போன ஆத்துமாவுக்காக எப்படி ஸ்தோத்திரம் சொல்வது, நரகத்துக்கு நன்றி சொல்வதா என்று கேட்டாராம். அவர் கெட்டவர் இல்லை. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் நிற்பவர். டீச்சர் கணவருடைய இறுதிச் சடங்கிலும் கடைசிவரை நின்றவர். ஆனால் உபதேசம் உபதேசம்தான் என்றார்.

இதையெல்லாம் என் மனைவி எனக்குச் சொல்லியிருந்தாள். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்கவும் எனக்கு வழியில்லை.

வியாழக்கிழமை பேராசிரியர், "இன்று உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு கேள்வி கொடுங்கள். நாம் எல்லாரும் சேர்ந்து அதை நாலு இடத்துக்கும் கொண்டுபோய்ப் பார்ப்போம்" என்றார். மின்விசிறி மட்டும் கடகடத்தது. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் டீச்சர் எழுந்தார். வெள்ளை வாயல் புடவை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் பாடம் எடுக்கிற அதே தெளிவோடு தமிழில் பேசினார்.

"என் வீட்டுக்காரர் ஞானஸ்நானம் வாங்காம போயிட்டார். வர்ற சனிக்கிழமை ஒரு வருஷம் ஆகுது. அவரைக் கொடுத்ததுக்காக நான் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லலாமா, கூடாதா? நான் கேட்டதுக்கு, பாவம்ங்கிறாங்க. எனக்குத் தெரியணும்."

முன்வரிசையில் மூப்பர். தலையைக் குனிந்து தன் வேதாகம உறையின் ஜிப்பை மூடினார், திறந்தார். ஹாலில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். பேராசிரியர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

விதிப்படி நான் 'என் கணவர்' என்று ஆரம்பிக்க வேண்டும். மை ஹஸ்பண்ட். வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் பின் பெஞ்சு என் கண்ணில் பட்டது. கல்லூரிப் பையன்கள் முன்னால் சாய்ந்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, என்னையே பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை கர்ப்பமானவன் இன்றைக்குப் புருஷனோடு வருகிறான் என்று காத்திருக்கிறார்கள். அவர்களைப் பழக்கினது யார்? நான்தான். இந்தப் பக்கம் மூப்பரின் ஜிப். அவர் வீட்டில் வாராவாரம் தோசை சாப்பிடுகிறவன் நான். சிரிப்பு வராமலும் சண்டை வராமலும் பார்த்துக்கொள்ள எனக்கு அரை நொடிதான் இருந்தது. அந்த அரை நொடியில் நான் மிகவும் சாமர்த்தியமாக இருந்தேன்.

சுவிசேஷத்தை ஏற்காமல் மரிக்கிறவர்களின் நிலைமை குறித்து நம்முடைய உபதேசம் என்ன என்று இந்தச் சகோதரி கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நல்ல, இஸ்திரி போட்ட வாக்கியம். கணவர் இல்லை. சனிக்கிழமை இல்லை. ஸ்தோத்திரமும் இல்லை. விதியையும் மீறி 'சகோதரி கேட்கிறார்' என்று தள்ளி நின்றுகொண்டேன்.

பேராசிரியர் முகத்தில் சின்ன ஏமாற்றம் தெரிந்தது. வாழ்க்கையிலிருந்து கேட்டவருக்குப் பரீட்சைக் கேள்வி வந்திருக்கிறது. இருந்தாலும் பொறுமையாக ஆரம்பித்தார். இதில் இத்தனை கருத்துகள் உண்டு, முதலாவது கருத்து இப்படி என்றார். நான் "முதலாவது கருத்து" என்று உரத்துத் தமிழாக்கினேன்.

டீச்சர் உட்காரவில்லை. நின்றபடியே கையை உயர்த்தினார். பிறகு நேரே பேராசிரியரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஸார், ஐ டிட் நாட் ஆஸ்க் அபௌட் பீப்பிள். ஐ ஆஸ்க்டு அபௌட் மை ஹஸ்பண்ட்."

மைக் இல்லாமல் பேசின அந்த வார்த்தை ஹாலின் கடைசிச் சுவர்வரை போயிற்று. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் புரிந்தது. எல்லாரும் பேராசிரியரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டம் முழுவதும் என்னைப் பார்க்கிறது, ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

பேராசிரியர் தன் குறிப்புத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். என்னைத் திட்டவில்லை. என் பக்கமே திரும்பாமல், டீச்சரிடம், "உங்கள் கணவர் எப்படிப்பட்டவர், சொல்லுங்கள்" என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

டீச்சர் தமிழில் சொன்னார். "ஞாயித்துக்கிழமை நான் எழும்பறதுக்கு முன்னாடி என் செருப்பைத் துடைச்சு வச்சிருப்பார்."

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, இந்தத் தடவை விதிப்படியே, மை ஹஸ்பண்ட் என்று ஆரம்பித்தேன். பின் பெஞ்சில் ஒருவன் மூக்கால் சிரித்தான். அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. அந்தப் பையன்மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. நாலு நாளாக நான் சாவி கொடுத்து வைத்திருந்த பொம்மை அது. உடனே முகம் சிவந்து பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடினான்.

டீச்சர் வரிசையிலிருந்து வெளியே வந்தார். மேடைக்கு நடந்து வந்தார். "நீங்க உட்காருங்க பிரதர். நானே சொல்லிக்கிறேன்" என்று கையை நீட்டினார். மைக்கைக் கொடுத்தேன். முன்வரிசையில் இடம் இல்லை. மூப்பர் நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டார். அந்தக் குட்டி பெஞ்சில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, என்னைப்போலவே எங்கே பார்ப்பது என்று தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டீச்சர் தன் கணவரைப் பற்றி ஒரு வரி தமிழில் எங்களுக்கும் ஒரு வரி ஆங்கிலத்தில் பேராசிரியருக்குமாகச் சொல்லி முடித்தார். பேராசிரியர் பதில் சொல்லத் தொடங்கியபோது, அதையும் டீச்சரே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. அவருக்கும் அதே விதி. பேராசிரியரின் 'நான்' டீச்சரின் வாயில் வந்தது.

"எங்கள் மலையில் நாங்கள் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள்" என்றார் டீச்சர், பேராசிரியராக. "என் தாத்தாதான் முதல் விசுவாசி. அவருடைய அப்பா சுவிசேஷம் கேட்காமல் மரித்தார். தாத்தா சாகிறவரை அப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். சபையின் வரலாறு என்றால் புத்தகத்தில் இருப்பது என்று நினைக்காதீர்கள். எந்த ஊரில் முதல் தலைமுறை விசுவாசி இருந்தாலும், அங்கே இந்தக் கேள்வி இருந்திருக்கிறது. இந்தச் சகோதரி தனியாக நிற்கவில்லை."

சகோதரி என்று டீச்சர் தன்னையே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

பேராசிரியர் வேதத்தைத் திறந்தார். மன்னிப்பைப் பற்றியும் நியாயத்தீர்ப்பைப் பற்றியும் இருக்கிற இடங்களை எதையும் மறைக்காமல் காட்டினார். விசுவாசம் அவசியம் என்கிற இடத்தை இனிப்புத் தடவிக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லும்போது டீச்சர் ஒரு தடவை நிறுத்தி, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, முழுவதுமாகச் சொன்னார். ஒரு சொல்லையும் விடவில்லை. நானாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு சாம்பார் வைத்திருப்பேன்.

பிறகு பேராசிரியர் ஆங்கிலத்தில் மெதுவாக ஒன்று சொன்னார். டீச்சர் எங்களைப் பார்த்து, "உங்கள் கணவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது" என்றார். "தெரியும் என்று சொல்கிறவர்கள், அவர்கள் எந்தப் பக்கம் சொன்னாலும், அவர்களுக்குக் கொடுக்கப்படாத நாற்காலியில் உட்காருகிறார்கள். நியாயாதிபதியை எனக்குத் தெரியும். தீர்ப்பு எனக்குத் தெரியாது."

என் பக்கத்தில் மூப்பரின் ஜிப் சத்தம் நின்றுவிட்டது.

"ஆனால் நீங்கள் கேட்டது அதுவும் இல்லையே" என்று தொடர்ந்தார். "ஸ்தோத்திரம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். யாருக்கு? கடவுளுக்கு. எதற்கு? அவர் கொடுத்ததற்கு. நன்மையான எதையும் வேறு யாரும் கொடுப்பதாக நம் உபதேசத்தில் இல்லை. செருப்பைத் துடைத்து வைத்த கையை உங்களுக்குக் கொடுத்தது யார்? நன்றி சொல்ல அந்த மனிதருடைய முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்லாமல் இருந்தால்தான் நான் பயப்படுவேன்."

டீச்சர் "பயப்படுவேன்" என்று சொல்லி முடித்து, மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை. பேராசிரியரும் உட்கார்ந்துவிட்டார்.

நாலு நாளாக நான் அந்த மனிதருடைய வாயாக இருந்திருக்கிறேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது பெஞ்சில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. அவர் ஒன்றாகச் சேர்க்கச் சொன்னார். நான் அவர் கண்ணெதிரிலேயே டீச்சரிடமிருந்து புருஷனைப் பிரித்து எடுத்துத் தனியாக வைத்தேன். இதற்கு எனக்கு இரண்டு மொழி தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

வாசலில் டீச்சரைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது. தமாஷ்தான் தெரியும். "டீச்சர், இனிமே நீங்கதான் மேடை. என் பொழைப்பைக் கெடுத்துட்டீங்க" என்றேன். சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னா நான் தமிழ்ல கேட்டேன் பிரதர்? அங்க உட்கார்ந்திருந்தவங்க காதுல விழணும்னு கேட்டேன். உங்க வாயால அவருக்குப் போய், உங்க வாயாலயே அவங்களுக்குத் திரும்பி வரணும்னு. நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்கல்ல?" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு நடந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறந்ததும் என் மனைவி, "அவங்க உன்னை நம்பித்தான் எழுந்தாங்க" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சா தமாஷ் பண்ணாத. சனிக்கிழமை போகணும்."

"என்னைக் கூப்பிடலையே."

"என்னைக் கூப்பிட்டாங்க. நீ பை தூக்கிகிட்டு வா."

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வேறொரு தம்பி மொழிபெயர்த்தான். நல்ல பையன். பேராசிரியர் சொன்னதை மட்டும் சொன்னான். யாருக்கும் தூக்கம் வரவில்லை. அதையும் கவனித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பை தூக்கிக்கொண்டு போனேன். ஏரிக்காற்று வரும் அந்த வீட்டு ஹாலில் பாய் விரித்திருந்தார்கள். ஒரு பக்கம் ஜெபக்குழுவில் பாதிப் பேர். மூப்பர் வரவில்லை. அவர் மனைவி வந்திருந்தார், அவருக்குக் கால் வலி என்று யாரும் கேட்காமலே சொன்னார். மறுபக்கம் டீச்சருடைய புகுந்த வீட்டார், நெற்றி நிறையத் திருநீறோடு, எங்கள் பாட்டுகளுக்கு எங்கே கை தட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியரும் வந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், எல்லாருக்கும் அசைத்த மாதிரியே. நான் கடைசிப் பாயில், கதவோரம், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இறந்தவருடைய அண்ணன். அறுபது வயதுக்கு மேல், வெள்ளை வேட்டி, நிலம் விற்று மாடி கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்.

இரண்டு பாட்டு முடிந்தது. டீச்சர் பேராசிரியரை ஜெபிக்கச் சொன்னார். "ஜெபத்தை மொழிபெயர்க்க வேணாம், ஆண்டவருக்குப் புரியும்" என்றார். எல்லாரும் கண்ணை மூடினோம். அவர் ஆங்கிலத்தில், தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி ஜெபித்தார்.

என் சட்டையை யாரோ இழுத்தார்கள். கண்ணைத் திறந்தேன். அண்ணன்காரர் கண்ணை மூடவே இல்லை.

"இன்னா தம்பி சொல்றாரு?" என்றார், கிசுகிசுவென்று.

"நல்லதா சொல்றார்ங்க" என்றேன்.

சொன்ன உடனே எனக்கே தெரிந்தது. மறுபடியும் அதே இஸ்திரி போட்ட வாக்கியம்.

"நல்லதுன்னா? என் தம்பி எங்க கீறான்னு சொல்றாரா?"

"இல்லீங்க. அது எங்களுக்குத் தெரியாது, உமக்குத் தெரியும்னு சொல்றார். கடவுள்கிட்ட."

அவர் யோசித்தார். அவருக்கு அது பிடித்ததா பிடிக்கவில்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இப்போ?"

"உங்க தம்பியை இந்த வீட்டுக்குக் குடுத்ததுக்கு நன்றின்னு சொல்றார்."

"பேரைச் சொன்னாரே, காதுல வுழுந்துச்சு."

"ஆமாங்க. பேரைச் சொல்லித்தான் சொல்றார்."

நாலு வரிசை முன்னால் டீச்சர் தலையைத் திருப்பிப் பார்த்தார். ஜெபநேரத்தில் பேசுகிற ஒரே ஆள் நான்தான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு முகமெல்லாம் சூடேறி, வாயை மூடினேன்.

அண்ணன்காரர் என் முழங்காலைத் தட்டினார். "இன்னாத்துக்கு நிறுத்திட்ட? அவரு சொல்லிகினுதானே கீறாரு? சொல்லு."

டீச்சர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, அண்ணன்காரர் காதுக்கு மட்டும் கேட்கும்படி, அடுத்த வரியைச் சொன்னேன்.